மகன் சிறைக்குப் போனால் அம்மாவுக்கு ஏன் நெஞ்சுவலி? சிறையை நோய்போல எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர்கள்

நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் கிரீன் ஹேவன் என்ற சிறை வரும். பலத்த பாதுகாப்பு உள்ள சிறை. 1970-களின் இறுதியில் அங்கே எட்டி எல்லிஸ் என்ற கைதியும் அவருடைய நண்பர்கள் சிலரும் கூடி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். நம்ம கூட இருக்கிறவங்க எல்லாம் எந்த ஏரியாவிலிருந்து வந்தவங்க?

கிடைத்த விடை அவர்களையே அசர வைத்தது. நியூயார்க் மாநிலச் சிறைகளில் இருந்த கைதிகளில் சுமார் 75 சதவீதம் பேர், நியூயார்க் நகரத்தின் ஏழே ஏழு பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஹார்லெம், தெற்கு பிராங்க்ஸ், பிரவுன்ஸ்வில், பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் வாழும் ஏழைப் பகுதிகள்.

ஒரு குற்றம் நடந்தால் போலீஸ் 'யார் செய்தது?' என்று கேட்கும். காலரா வந்த ஊரில் சுகாதார ஆய்வாளர் 'எந்தத் தெரு, எந்தக் குழாய்?' என்று கேட்பார். அந்தக் கைதிகள் கேட்டது இரண்டாவது வகைக் கேள்வி. அவர்களுக்கு ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் பிற்காலத்தில் பல்கலைக்கழகங்களில் ஒரு துறையாகவே வளர்ந்த வேலையை அன்றைக்கே அவர்கள் செய்துவிட்டார்கள்.

அது என்ன துறை?

கொரோனா காலத்தில் 'எபிடமியாலஜிஸ்ட்' என்று சிலர் தினமும் டிவியில் வந்து பேசினார்களே, நினைவிருக்கிறதா? நோய் எங்கே, யாருக்கு, எத்தனை பேருக்கு, எப்படிப் பரவுகிறது என்று எண்ணுபவர்கள் அவர்கள். தமிழில் நோய்ப்பரவியல் நிபுணர்கள். அவர்களிலேயே ஒரு பிரிவினர் கிருமியோடு நின்றுவிடுவதில்லை. சம்பளம், வாடகை வீடு, நிறவெறி, வேலையின்மை என எல்லாவற்றையும் உடம்பைத் தொடும் விஷயங்களாக எடுத்துக்கொண்டு எண்ணுவார்கள். இவர்கள்தான் சமூக நோய்ப்பரவியல் நிபுணர்கள். சிகரெட் புகைக்கு ஒருவர் எத்தனை ஆண்டு ஆளானார் என்று பார்ப்பதைப் போலவே, சிறைக்கு எத்தனை ஆண்டு ஆளானார், போலீஸ் சோதனைக்கு எத்தனை முறை ஆளானார் என்று பார்ப்பவர்கள் இன்று அமெரிக்காவில் கணிசமாக இருக்கிறார்கள்.

'இதெல்லாம் சரி, குற்றம் செஞ்சவன் உள்ளே போறான். இதுல சுகாதாரத்துக்கு என்ன வேலை?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு முதலில் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாநில, மத்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். 2009 வாக்கில் அது 16 லட்சம். உள்ளூர் ஜெயில்களில் இருப்பவர்களையும் சேர்த்தால் 23 லட்சம். ஒரு நோய் இந்த வேகத்தில் கூடியிருந்தால் என்ன பெயர் வைத்திருப்போம்?

பிராங்க்ஸில் ஒரு பேராசிரியர்

அந்தப் பெயரை வெளிப்படையாகவே வைத்தவர் எர்னஸ்ட் டிரக்கர். பிராங்க்ஸ் பகுதியிலுள்ள மான்டிஃபியோர் மருத்துவமனையில், ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுக்கும் சிகிச்சைத் திட்டத்தை உருவாக்கி நடத்தியவர். ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 2011-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே சிறைகளை ஒரு கொள்ளை நோய் என்கிறது.

இந்தக் 'கிருமி' எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப்போன டிரக்கர் 1973-ல் போய் நிற்கிறார். அந்த ஆண்டுதான் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் கடுமையான போதைப்பொருள் சட்டங்களைக் கொண்டுவந்தார். சில அவுன்ஸ் ஹெராயின் விற்றால் போதும்; கையில் வைத்திருந்தாலும் போதும். குறைந்தபட்சம் 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். 'பாவம், முதல் தடவை' என்று நீதிபதி நினைத்தாலும் குறைக்க வழி கிடையாது. அப்போது மாநிலச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 12,500 பேர். 1999-ல் அது 72,000-ஐ நெருங்கிவிட்டது.

2002-ல் டிரக்கர் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒருவர் 30 வயதில் விபத்தில் இறந்துபோனால், அவர் 70 வரை இருந்திருக்கலாம், ஆகவே 40 ஆண்டுகள் இழப்பு என்று சுகாதாரத் துறையில் கணக்கு வைப்பார்கள். 'இழந்த ஆயுள் ஆண்டுகள்' என்று அதற்குப் பெயர். சிறையில் கழியும் ஆண்டுகளையும் அப்படியே எண்ணினால் என்ன என்று கேட்டார் டிரக்கர். ராக்ஃபெல்லர் சட்டங்களின் கீழ் சிறை சென்ற ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரின் ஆண்டுகளைக் கூட்டினால் சுமார் 3,25,000 ஆண்டுகள் வந்தன. இது 8,600-க்கும் மேற்பட்ட மரணங்களுக்குச் சமம் என்றார். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் இறந்தவர்கள் 2,753 பேர் என்பதோடு ஒப்பிட்டால், அதைப்போல மூன்று மடங்கு.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. சிறையில் இருப்பவர் இறந்தவர் இல்லையே. கடிதம் எழுதுகிறார், படிக்கிறார், சண்டை போடுகிறார், நட்பு வைக்கிறார். எட்டி எல்லிஸே உள்ளே இருந்துகொண்டுதானே அந்த வரைபடத்தைப் போட்டார்? டிரக்கரின் கணக்கில் அவருடைய 25 சிறை ஆண்டுகளும் வெறும் பூஜ்யம். ஆனாலும் இந்தக் கணக்கு ஒரு காரியத்தைச் சாதித்தது. அதுவரை 'தண்டனை' என்ற பெட்டிக்குள் மட்டும் இருந்த ஒரு விஷயத்தை, எய்ட்ஸ், காசநோய், விபத்து ஆகியவற்றோடு ஒரே தராசில் வைத்துப் பார்க்க வழி கிடைத்தது.

டோஸ் கூடினால்?

தராசில் வைத்துவிட்டால் அடுத்த கேள்வி வரும். சிகரெட் கூடக் கூடப் புற்றுநோய் கூடுகிறது, சிறையும் அப்படித்தானா?

முதலில் காசநோய். 1992-ல் நியூயார்க் நகரத்தில் 3,811 பேருக்குக் காசநோய் வந்தது. அந்தக் காலகட்டத்தின் உச்சம் அது. நகர ஜெயில்களில் இருந்தவர்களை ஆராய்ந்து 1993-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஜெயிலில் ஓராண்டு கழித்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருப்பதைக் காட்டியது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் நெருக்கியடித்துப் படுக்க வைத்து, சில வாரங்களில் அவர்களைத் திரும்ப அதே ஏழு பகுதிகளுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஆயுள். ஈவ்லின் பேட்டர்சன் என்ற சமூகவியலாளர், 1989 முதல் 2003 வரை நியூயார்க் மாநிலச் சிறைகளிலிருந்து பரோலில் வந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார். சிறையில் கழித்த ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் மரண வாய்ப்பு 15.6 சதவீதம் கூடியது. ஓராண்டு சிறைக்கு ஆயுளில் இரண்டு ஆண்டு குறைகிறது என்பது 2013-ல் அவர் சொன்ன முடிவு. எந்த நீதிபதியும் தீர்ப்பில் இந்த இரண்டு ஆண்டைச் சேர்த்து எழுதுவதில்லை.

எல்லாவற்றையும் விட ஆபத்தான கட்டம் எது தெரியுமா? வெளியே வரும் நாள். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரை இங்க்ரிட் பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவரின் குழு பின்தொடர்ந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து, வெளியே உள்ள அதே வயது, பாலினம், இனத்தைச் சேர்ந்தவர்களைவிட 12.7 மடங்கு. போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் ஆபத்தை மட்டும் எடுத்தால் 129 மடங்கு. காரணம் எளிது. உள்ளே இருக்கும்போது உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துபோகும். வெளியே வந்ததும் பழைய நினைப்பில் பழைய அளவையே எடுத்தால், மூச்சு நின்றுவிடும்.

ரைக்கர்ஸ் தீவும் ஒரு புத்தகப் பையும்

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 'பிரிசன்' வேறு, 'ஜெயில்' வேறு. தண்டனை பெற்றவர்கள் போவது பிரிசன். விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், ஜாமீன் கட்டப் பணம் இல்லாதவர்கள் இருப்பது பெரும்பாலும் ஜெயில். நியூயார்க் நகரத்தின் பெரிய ஜெயில், ஈஸ்ட் ரிவர் ஆற்றின் நடுவே உள்ள ரைக்கர்ஸ் தீவு. போக வர ஒரே ஒரு பாலம்.

2010 மே மாதம் பிராங்க்ஸைச் சேர்ந்த கலீஃப் பிரவுடர் என்ற 16 வயதுப் பையன், ஒரு புத்தகப் பையைத் திருடினான் என்ற குற்றச்சாட்டில் கைதானான். 'நான் எடுக்கல' என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தான். ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. விசாரணையே நடக்காமல் மூன்று ஆண்டுகள் ரைக்கர்ஸில் கழிந்தன. அதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறை. 2013-ல் வழக்கே கைவிடப்பட்டது. 2015 ஜூனில், 22 வயதில், வீட்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இது ஒரு தனி மனிதரின் சோகம் மட்டும்தானா? நகர ஜெயில்களின் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்த ஃபாத்தோஸ் காபா, ஹோமர் வென்டர்ஸ் முதலானோர் இதற்கு விடை தேட நல்ல தரவை வைத்திருந்தார்கள். 2010 முதல் 2013 தொடக்கம் வரை நடந்த 2,44,699 சிறையடைப்புகளின் மருத்துவப் பதிவுகள் அவை. இவற்றில் தனிமைச் சிறை அனுபவித்தவர்கள் 7.3 சதவீதம்தான். ஆனால் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்களில் 53.3 சதவீதம் அந்த 7.3 சதவீதத்தினரிடையே நடந்தவை. நகர நிர்வாகம் பதின்வயதினரைத் தனிமைச் சிறையில் அடைப்பதை 2014 இறுதியில் நிறுத்தியது. பிரவுடருக்கு அது உதவவில்லை.

அவருடைய அம்மா வெனிடா பிரவுடர், மகன் இறந்த பிறகு சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பேசி வந்தார். 2016 அக்டோபரில் மாரடைப்பால் அவரும் இறந்தார். வயது 63.

மகனின் சிறைவாசம்தான் அந்த மாரடைப்புக்குக் காரணம் என்று எந்த ஆய்வாளரும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஒரு தனி ஆளின் இதயம் ஏன் நின்றது என்பதற்கு நோய்ப்பரவியலில் விடை கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கான அம்மாக்களை எடுத்துக்கொண்டால் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கலாம். ஹெட்விக் லீ, கிறிஸ்டோபர் வைல்ட்மேன் உள்ளிட்டோர் 2014-ல் அதைத்தான் பார்த்தார்கள். குடும்பத்தில் ஒருவர் சிறையில் இருந்த பெண்களிடம் உடல் பருமனும், மாரடைப்பு அல்லது பக்கவாதமும், 'உடம்பு சரியில்லை' என்று சொல்வதும் கூடுதலாக இருந்தன. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. ஜாமீனுக்கு ஓடுவது, வக்கீலைப் பார்ப்பது, பார்வையாளர் வரிசையில் நிற்பது, பேரப் பிள்ளையை வளர்ப்பது எல்லாம் யார் தலையில் விழுகிறது என்று யோசித்தால் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

டெட்ராய்ட் நகரத்தில் நடந்த இன்னொரு ஆய்வு இதைவிட ஒரு படி தள்ளிப் போனது. அக்கம்பக்கத்தில் நிறையப் பேர் சிறைக்குப் போகும் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு, தாங்கள் ஒரு நாளும் ஜெயிலைப் பார்த்திராவிட்டாலும், மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் வரும் வாய்ப்பு அதிகம். 2015-ல் வெளியான ஆய்வு இது.

நிறுத்து, கையைத் தூக்கு

ஜெயில் வரை போகாமல் தெருவிலேயே முடிந்துவிடும் சந்திப்புகளும் உண்டு. நியூயார்க் போலீஸ் 'நிறுத்திச் சோதனை' என்ற முறையை வெறியோடு பின்பற்றிய காலத்தில், 2011 என்ற ஒரே ஆண்டில் 6,85,724 முறை ஆட்களை நிறுத்தியது. நிறுத்தப்பட்டவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் மீது எந்த வழக்கும் இல்லை. 'போகலாம்' என்று அனுப்பப்பட்டார்கள். பெரும்பான்மை, வழக்கம்போல, கறுப்பின, லத்தீன் இளைஞர்கள்.

'வழக்குதான் இல்லையே, அப்புறம் என்ன பாதிப்பு?' அமாண்டா கெல்லர் குழுவினர் 18 முதல் 26 வயது வரையான 1,261 நியூயார்க் இளைஞர்களிடம் போனில் பேசிக் கேட்டார்கள். அதிக முறை நிறுத்தப்பட்டவர்களிடமும், தள்ளுமுள்ளோடும் வசையோடும் சோதிக்கப்பட்டவர்களிடமும் பதற்றமும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. ஏற்கெனவே பதற்றமாக இருப்பவர்களைத்தான் போலீஸ் சந்தேகப்பட்டு நிறுத்துகிறதோ என்ற கேள்விக்கு இந்த ஒரு சர்வே முழுப் பதில் தராது. கெல்லர் குழுவும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னதே தவிர, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை.

2013-ல் ஃபெடரல் நீதிபதி ஷிரா ஷெயின்ட்லின், இந்த முறை நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். 2015-ல் பதிவான சோதனைகள் 23,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. குற்றம் தலைவிரித்தாடும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. 2011-ல் நகரத்தில் நடந்த கொலைகள் 515. 2017-ல் 292.

'ஏழ்மைதானே காரணம்?'

நியாயமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. சிறைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே ஏழைகள், ஏற்கெனவே நோயாளிகள், போதைப் பழக்கம் உள்ளவர்கள். அவர்கள் சீக்கிரம் இறந்தால் சிறையை ஏன் பழிக்க வேண்டும்? இந்தத் துறையில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். பேட்டர்சன், சிறைக்குப் போனவரைப் போகாதவரோடு ஒப்பிடாமல், குறைவாக இருந்தவரையும் அதிகமாக இருந்தவரையும் ஒப்பிட்டது இதற்காகத்தான். அதுவும் முழுத் தீர்வு இல்லை. நீண்ட தண்டனை பெறுபவர்கள் வேறு விதத்திலும் வேறுபட்டவர்களாக இருக்கலாம்.

இன்னொரு தகவல் கதையை மேலும் சிக்கலாக்குகிறது. அமெரிக்கச் சிறைகளுக்கு உள்ளே இருக்கும் கறுப்பின ஆண்களின் மரண விகிதம், அதே வயதில் வெளியே இருக்கும் கறுப்பின ஆண்களைவிடக் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. உள்ளே துப்பாக்கி இல்லை, கார் விபத்து இல்லை, மருத்துவர் ஒருவராவது இருக்கிறார். 1976-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அமெரிக்காவில் மருத்துவச் சிகிச்சையை அரசமைப்பு உரிமையாகக் கேட்கக்கூடியவர் கைதி மட்டும்தான். 'அப்ப ஜெயிலே நல்லதுதானே' என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு இது வெளியே இருக்கும் தெருவைப் பற்றிய தகவலாகத்தான் படுகிறது. சிறை வாசலைத் தாண்டிய முதல் இரண்டு வாரத்தில் மரணம் ஏன் குவிகிறது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

எண்ணவே இல்லை என்றால்?

எண்ணுவதற்கே ஆளில்லாத இடமும் உண்டு. போலீஸ் கையால் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதற்கு அமெரிக்க அரசிடம் நெடுங்காலம் நம்பகமான பட்டியல் இல்லை. 2015-ல் 'தி கார்டியன்', 'வாஷிங்டன் போஸ்ட்' ஆகிய பத்திரிகைகள்தான் தாங்களே எண்ண ஆரம்பித்தன. அதே ஆண்டு ஹார்வர்டின் சமூக நோய்ப்பரவியல் நிபுணர் நான்சி க்ரீகர் குழுவினர் ஒரு யோசனை வைத்தார்கள். நம்மூரில் காசநோய் கண்டறிந்தால் மருத்துவமனை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் அல்லவா? அதேபோலப் போலீஸால் ஏற்படும் மரணங்களையும், பணியில் போலீஸ்காரர்கள் இறப்பதையும், சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நிகழ்வுகளாக்குங்கள் என்றார்கள். 2021-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, 1980 முதல் 2018 வரை போலீஸ் வன்முறையால் நிகழ்ந்த சுமார் 30,800 மரணங்களில் பாதிக்கும் மேல் அரசின் இறப்புப் புள்ளிவிவரத்தில் அப்படிப் பதிவாகவே இல்லை என்று கண்டது.

என்ன மாறியிருக்கிறது?

ராக்ஃபெல்லர் சட்டங்கள் 2004-லும், பெரிய அளவில் 2009-லும் திருத்தப்பட்டன. நியூயார்க் மாநிலச் சிறைகளில் இருப்பவர்கள் எண்ணிக்கை 1999-ன் உச்சத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ரைக்கர்ஸை மூட நகர மன்றம் 2019-ல் ஓட்டுப் போட்டது. 2027 ஆகஸ்டுக்குள் மூட வேண்டும் என்பது சட்டம். மாற்று ஜெயில்களின் கட்டுமானம் அந்தக் கெடுவுக்கு வெகுதூரம் பின்தங்கியிருக்கிறது.

அந்த இரண்டு வாரங்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் உருப்படியாக ஏதோ நடக்கிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட், 1965-ல் தொடங்கியபோதே சிறையில் இருப்பவர்களை ஒதுக்கி வைத்தது. வெளியே வந்ததும் காப்பீடும் இருக்காது, கையில் மாத்திரையும் இருக்காது. 2023 ஜனவரியில் முதன்முறையாக கலிபோர்னியாவுக்கு ஒரு விலக்கு கிடைத்தது. விடுதலைக்கு முந்தைய 90 நாட்களில் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மெடிக்கெய்ட் பணம் தரலாம். வேறு மாநிலங்களும் பின்னர் இந்த வரிசையில் சேர்ந்தன.

அதே கலிபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோவில், எமிலி வாங் என்ற மருத்துவர் இன்னொருவரோடு சேர்ந்து 2006-ல் ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். சிறையிலிருந்து அண்மையில் வந்தவர்களுக்கான கிளினிக் அது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பும் பின்பும் நோயாளியோடு இருப்பவர் ஒரு சுகாதாரப் பணியாளர்; அவரும் ஒரு காலத்தில் சிறையில் இருந்தவர். எந்த பஸ், எந்த கவுன்டர், எந்த ஃபார்ம் என்பது அவருக்குத் தெரியும். 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனையில், இந்த கிளினிக்குக்கு வந்தவர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. இப்போது இதே மாதிரியில் பல மாநிலங்களில் கிளினிக்குகள் நடக்கின்றன. விடுதலையானவர் முதல் முறை டாக்டரைப் பார்ப்பது இரண்டு வாரத்துக்குள் நடந்துவிட வேண்டும் என்பது அங்கே இலக்கு.